பிரிவ்யூவில் மட்டும் நின்றவன்

வலது மணிக்கட்டு காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலின் அடியில் தொடங்கி முழங்கை வரைக்கும் யாரோ காய்ச்சிய கம்பியைச் செருகி வைத்த மாதிரி. நாள் முழுக்க மவுஸைப் பிடித்து ஊரான் மூஞ்சியைத் தேய்த்தால் வேறென்ன கிடைக்கும். அந்த வலியோடுதான் அவன் ஆலைக் குழுப் படத்தை முழுதாகத் திரையில் விரித்தான். இரண்டாவது வரிசையின் கடைசியில், வெறும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியால் அரைகுறையாகத் துடைத்த கறை போல ஒன்று கலங்கலாக நின்றது.

நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். கறைக்குத் தோள் இருந்தது.

ஸ்டூடியோவில் அவனை பாலிஷ் என்று கூப்பிடுவார்கள். பரு, தழும்பு, சுருக்கம், தீக்காயம், எது வந்தாலும் வழவழவென்று ஆக்கிவிடுவான். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை. படம் எடுக்க வருகிறவர்களில் ஒருத்தரையும் அவன் மனிதராக மதித்ததில்லை. தேய்க்க வேண்டிய பரப்பு, அவ்வளவுதான். இந்தப் படம் இன்னும் மோசம். இரும்பு வார்க்கும் ஆலையின் தொழிலாளிகள் மூன்று வரிசையாக, சீருடையில். வெயிலும் உலையும் சேர்ந்து கருக்கிய மூஞ்சிகள், சிரிக்கச் சொன்னதால் பல்லைக் காட்டிக்கொண்டு. ஆலை வாசலில் பெரிதாக மாட்டப் போகிறார்களாம். அவன் கரியைத் துடைத்தான், காயக் கட்டுகளை அவிழ்த்தான், இரண்டு விரல் இல்லாதவனுக்குப் பக்கத்தில் நின்றவனின் விரல்களை எடுத்து ஒட்டினான். சம்பளமில்லாமல் விரல் கொடுக்கிறேன், இவனுங்க என்னைக் கும்பிடணும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டான்.

இரண்டாவது வரிசையின் கடைசி ஆளைத் துடைத்தது ஆலையின் தனி உத்தரவு. ஒப்பந்தக் கூலி. படம் எடுத்த வாரத்திலேயே உருக்கிய இரும்புக் கொப்பரை சரிந்தபோது அடியில் நின்றவன். அப்படி ஒருத்தன் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று ஆலை சொல்லிவிட்டது. வேலையே பார்க்காதவன் சீருடையோடு படத்தில் நிற்க முடியாது.

முதலாளி கதவை இடித்துத் திறந்துகொண்டு தலையை நீட்டினார்.

"டேய் பாலிஷ், அந்தாளத் தூக்கிட்டியா?"

"தூக்கியாச்சு முதலாளி. ஒரிஜினல் மேலயே சேவ் அடிச்சிட்டேன். கேமரா கார்டையும் கழுவியாச்சு. இனிமே அவனே வந்து தேடினாலும் கிடைக்க மாட்டான்."

"அப்புறம் அங்க என்னடா அழுக்கு?"

"அது பிரிவ்யூ. வேகமா காட்டுறதுக்கு சாஃப்ட்வேர் தனியா ஒரு சின்னக் காப்பி எடுத்து வச்சுக்கும். பழசைப் பிடிச்சுத் தொங்குது, சனியன். பெருசாக்கிப் பாருங்க."

முழு அளவுக்குப் பெரிதாக்கினான். சுவர். சுத்தமான, சாம்பல் நிறச் சுவர். சுருக்கினான். கறை.

"ஆலைக்காரன் அதையெல்லாம் பெருசாக்கிப் பாப்பானா? சரி பண்ணு. நான் போய் பிரின்டர் ஆளப் பாத்துட்டு வர்றேன்." முதலாளி போய்விட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

உள்ளறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று அதையும் கறுப்பு அட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். வெளியே மத்தியானம் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே திரையின் வெளிச்சமும் கம்ப்யூட்டரின் விசிறி முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய கார்ப்பெட்டும் கலந்த ஒரு புழுங்கல் வாடையும்தான். அவன் சாஃப்ட்வேரை மூடித் திறந்தான். கறை போகவில்லை. செட்டிங்ஸுக்குள் போய் பிரிவ்யூவின் தரத்தை 'நடுத்தர'த்திலிருந்து 'உயர்'வுக்கு மாற்றினான். படம் ஒருமுறை சிமிட்டியது. மற்ற மூஞ்சிகளெல்லாம் முன்பிருந்தபடியே இருந்தன. கறை மட்டும் கொஞ்சம் தெளிந்தது. தலையில் ஒரு துணிக்கட்டு தெரிந்தது.

"உனக்கு மட்டும் உயர்வா?" என்றான் பாலிஷ்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் வசதியை அணைத்துப் பார்த்தான். இப்போது பல் தெரிந்தது. சிரிக்கச் சொன்னதால் காட்டிய பல். கண் இருக்கும் இடத்தில் சதுரம் சதுரமாக இருட்டு.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உயிரோடிருந்தபோது கேட்ட இடத்தில் நின்ற பயல், செத்த பிறகு நகர மாட்டேன் என்கிறானே என்கிற எரிச்சல்.

முன்னறையில் யாரோ செருமினார்கள். எழுந்து போனான்.

ஒரு பெண். காலில் வெடிப்பு, கையில் பிளாஸ்டிக் பை. கவுன்டரைத் தொட்டால் அழுக்காகிவிடும் என்பது போல ஓர் அடி தள்ளியே நின்றாள்.

"அண்ணா, ஆலைப் படம் இங்கதான் எடுத்தாங்களாமே. அதுல என் வீட்டுக்காரர் நிக்கிறாருன்னு கூட வேலை பாத்தவங்க சொன்னாங்க."

"யாரு?"

"கொப்பரைல போனவரு." அதை அவள் கடைக்குப் போனவர் என்பது போலச் சொன்னாள். "அவரு அங்க வேலையே பாக்கலைங்கிறாங்க. முகத்தக் காட்டுன்னா என்னத்தக் காட்டுவேன்? உடம்பு கிடைக்கல. வீட்டுல படமும் கிடையாது. எங்க சின்னவ அப்பா எப்படி இருப்பார்னு இப்பவே கேக்குறா. சீருடையோட ஒண்ணு, பாஸ்போர்ட் அளவு போதும்ணா."

"அப்படி ஒரு ஆளே படத்துல இல்லம்மா."

"கடைசியில நிக்கிறாராம். தலையில துணி கட்டியிருப்பாரு."

பாலிஷுக்குத் திரையில் தெரிந்த துணிக்கட்டு நினைவுக்கு வந்தது. எரிச்சல் அதைத் தள்ளிவிட்டது. இவளோடு எவன் மல்லுக்கு நிற்பது.

"சரி சரி. உக்காரு. தேடி எடுத்துத் தர்றேன்."

"கண்டிப்பா தருவீங்களாண்ணா?"

"தர்றேன்னு சொல்றேன்ல? நான் குடுத்த வாக்க மீறினது கிடையாது. போ, பெஞ்சுக்கு வாடகை கிடையாது."

அவள் உட்கார்ந்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தானே போய்விடுவாள். இந்த மாதிரி ஆட்களுக்குக் காத்திருந்து பழக்கம்.

கடைசி வழி ஒன்று இருந்தது. சேர்த்து வைத்த பிரிவ்யூக்களை மொத்தமாக அழித்துவிட்டால், சாஃப்ட்வேர் ஒரிஜினலைப் பார்த்துப் புதிதாகச் செய்துகொள்ளும். ஒரிஜினலில் சுவர்தான். அத்தோடு அந்த ஆள் உலகத்தில் எங்கேயும் இருக்க மாட்டான். கலங்கலாகக்கூட. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை நினைத்தான். நினைத்துவிட்டு, 'அழி' என்பதை அழுத்தினான்.

திரை வெறுமையானது. 'பிரிவ்யூ தயாராகிறது' என்று ஒரு நீலப் பட்டை ஊர ஆரம்பித்தது.

விசிறியின் முனகல் ஏறியது. எங்கேயோ துணி தீய்கிற வாடை, அதன் அடியில் பழுக்கக் காய்ந்த இரும்பின் வாடை. அவன் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறத்தை முகர்ந்தான், ஒயர்களைத் தொட்டான். சில்லென்றிருந்தன. நிமிர்ந்தபோது படம் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசை வந்தது. இரண்டாவது வரிசை வந்தது.

அவன் வந்தான்.

கறையாக அல்ல. துணிக்கட்டின் நூல் பிரிந்திருப்பது தெரிந்தது. சாஃப்ட்வேர் இவனை எங்கிருந்து எடுக்கிறது? ஒன்றை மூட வேண்டுமானால் இன்னொரு இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த வேலையில் முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி அது. எடுக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி நிற்கும். அவன் அந்தக் குறியைத் தேடினான். படத்தில் இல்லை. திரையின் கறுப்பு ஓரத்தில் அவனுடைய முகம் மங்கலாகப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. குறி அந்த முகத்தின் கன்னத்தில் நின்றது.

மவுஸை நகர்த்தினான். குறி நகரவில்லை.

தலையை நகர்த்தினான். குறி கூடவே வந்தது.

மணிக்கட்டு வலி நின்றுவிட்டது. சட்டென்று, சுவிட்சை அணைத்த மாதிரி. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கையைப் பார்த்தான். நரம்பில்லை. மயிரில்லை. கோடுகளில்லை. சாம்பல் நிறம், வழவழவென்று, எத்தனையோ பேருக்கு அவனே செய்து கொடுத்த மாதிரி. விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. திரையில் கூலிக்காரனின் கை. அதில் நரம்பு புடைத்திருந்தது.

கேபிளைப் பிடுங்கப் போனான். பிடிக்க முடியவில்லை. வழுக்கியது.

பட்டை ஊர்ந்தது.

கன்னம். தொட்டுப் பார்த்தான். சுவர். மூக்கு. இல்லை. கத்தினான். சத்தம் உள்ளேயே சுற்றியது. வெளியே வரத் திறப்பில்லை.

திரையில் சதுரம் சதுரமாக இருந்த இருட்டு நிரம்பியது. ஒரு கண். இது பாலிஷின் கண். தினமும் ஷேவ் பண்ணும்போது பார்த்த கண். அது அவனையே பார்த்தது. இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஒன்றால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா?"

கதவு கொஞ்சமாகத் திறந்தது. முன்னறை வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். மெழுகிய சுவரைப் பார்ப்பது போல, எதிலும் தங்காமல், அவள் பார்வை அவன் மேல் போய் வந்தது. திரையின் முதுகுதான் அவள் பக்கம் இருந்தது.

"ஆளக் காணோம்," என்று தனக்குள்ளே சொன்னாள். உள்ளே வந்தால் திட்டுவார்களோ என்று யோசித்தாள். கதவைப் பழையபடி சாத்தினாள். பெஞ்சு கிரீச்சிட்டது.

பட்டை முடிந்தது. இரண்டு கண்ணோடும் கூலிக்காரன் திரையில் நின்றான். முழுதாக. சீருடையோடு. துணிக்கட்டோடு. பளிச்சென்று. காட்டச் சொன்ன பல்லை மூடிக்கொண்டு.

பிரின்ட் பொத்தான் ஒரு முழம் தள்ளி இருந்தது. அழுத்த விரலில்லை.

வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு அவன் தரவேண்டியது ஒரு படம். பாஸ்போர்ட் அளவு. இன்னும் தரவில்லை.