வெறும் வண்டியின் எடை

குளத்தங்கரை வளைவைத் தாண்டியதும் கரண்டு மீட்டரின் முள் மறுபடியும் ஏறியது.

பிரைட்டன் காலைத் தளர்த்தினான். வேகம் விழுந்தது. பழைய வேகத்துக்கு அழுத்தினான். முள் முன்பு நின்ற இடத்துக்கே போனது. சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பும் அந்தச் சாலை வளைவில் இறக்கம். இடப்பக்கம் குளம், வலப்பக்கம் வயல். சைக்கிள்கூட மிதிக்காமல் உருளும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரும் ஆறு பேட்டரியும் வைத்த அவனுடைய பழைய ஆம்னி வேன் மட்டும் அங்கே மேடு ஏறுவதுபோல் மின்சாரத்தை இழுத்தது. போகும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் திரும்பும்போதுதான்.

அன்றும் வீடு வரை வரவில்லை. இரணியலில் ராஜமணியின் டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது.

"என்ன சாரே, இன்னைக்கும் தள்ளுவண்டியா?" ராஜமணி துண்டை உதறிக்கொண்டு வந்தார். "பெட்ரோல் வேண்டாம்னு சொன்னீரு. தள்ள ஆளு வேணும்னு சொல்லலியே."

பிரைட்டன் இறங்கிப் பின்னால் போனான். இருவரும் தள்ளினார்கள். வேன் அசையவே நேரமாயிற்று.

"வெறும் வண்டிக்கு என்ன கனம்! உள்ள யார வச்சு மூடியிருக்கீரு?"

வழக்கம்போல் வண்டியைக் கடை ஓரத்தில் விட்டான். கரண்டு வரும்போது ராஜமணி சார்ஜில் போடுவார். காலையில் போய்த் தள்ளினால் ஒரு கைக்கு உருளும். அதுதான் அவனை அதிகம் எரிச்சல்படுத்தியது. கோளாறு என்றால் காலையிலும் இருக்க வேண்டும்.

ஐந்து வருடம் சவூதியில், தம்மாமில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். திரும்பிய பிறகு இந்த வண்டியைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. சுசீந்திரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சிவதாணு மட்டும் அவனை நம்பினார். லாட்ஜில் தங்குகிறவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் புகையில்லாத வேனில் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சனிக்கிழமை இரணியலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நானும் மருமவனும் ஏறுவோம் வே. சுசீந்திரம் போயி இரணியலுக்குத் திரும்பி வரணும். நடுவில நிக்காம வந்தா நாலு வண்டிக்கு ஆர்டரு. நின்னா, நம்ம சமாச்சாரம் அதோட முடிஞ்சுது. கேட்டியளா?"

கேட்டான்.

வீட்டில் ஸ்மிதா எமர்ஜென்சி விளக்கின் முன்னால் சோறு போட்டாள். ஐப்பசி மாதம். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ஓய்ந்துவிட்டால் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"ஷிஜின் விளிச்சான்," என்றாள். ஷிஜின் அவள் தம்பி; தம்மாமில் இருக்கிறான். "உங்களுக்கு விசா அடிச்சாச்சாம். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்."

"சனிக்கிழமை ஓடும்."

"எத்தனாவது சனிக்கிழமை இது?"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஜெமி தட்டை நகர்த்திவிட்டு அவன் பக்கம் வந்தாள்.

"அப்பா, என்னை நம்ம வண்டியில ஸ்கூலுக்குக் கொண்டு விடுவியளா? ட்ரிப்பு வண்டியில இடமே இல்ல."

"இடமில்லாம எப்படி மக்கா போற?"

அவள் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து காட்டினாள். முழங்கால்களைச் சேர்த்து, பையை மடியில் வைத்ததுபோல் கைகளைக் கட்டி, ஒரு தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டாள். பாதி உடம்பு நாற்காலிக்கு வெளியே இருந்தது.

"இப்படி. பலகை ஓரத்துல. வளைவுல பிடிச்சுக்கணும்."

ஸ்மிதா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனம் பிரேக்கில் இருந்தது. பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்தாகிவிட்டது. டயர் மாற்றியாகிவிட்டது. பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தன. எல்லாம் சரியாக இருக்கும் வண்டி நின்றுபோவதற்கு யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

மறுநாள் ராஜமணியின் கடை ஓரத்தில் வைத்தே வேனின் பின்சீட்டுகளைக் கழற்றினான். ஸ்டெப்னியை எடுத்தான். தரைவிரிப்பைக் கிழித்தான். அடியில் தகரத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருந்தன. நெடுக்குவாட்டில் பலகை அடித்து, பிறகு பிடுங்கிய துளைகள். வண்டியை விற்றுக்கொடுத்த தரகர் ஜெபமணி ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி என்றுதான் சொல்லியிருந்தார். டாக்டருக்குப் பலகை எதற்கு? பிரைட்டன் அதற்குமேல் யோசிக்கவில்லை. துளைகளுக்கு எடை கிடையாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சோதனை ஓட்டத்துக்குச் சுசீந்திரம் போகிற வழியில் தோட்டியோட்டில் லாரிகளுக்கான எடைமேடையில் வண்டியை ஏற்றினான். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் குளோரி உட்கார்ந்திருந்தாள். பார்த்த முகம், ஸ்மிதாவின் சர்ச்.

"வெறும் வண்டிக்கு எதுக்கு சாரே எடை?"

"தெரிஞ்சுக்கத்தான்."

அவன் இறங்கி நின்றான். சிவப்பு எண்கள் எழுநூற்று இருபதில் நின்றன. கணக்குப் போட்டதைவிடக் குறைவு. பல நாளுக்குப் பிறகு அவன் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான்.

திரும்பும்போது மழை பிடித்திருந்தது. கோவில் கோபுரம் பின்னால் கரைந்துபோனது. தெருவிளக்குகள் இல்லை. பெட்ரோல் வண்டியில் ஒருவனுக்குத் தன் வண்டி எழுப்பும் சத்தம்தான் கேட்கும். இதில் மழை கேட்டது, டயருக்கடியில் நீர் பிளப்பது கேட்டது, வயலில் தவளைகள் ஒவ்வொன்றாக நிறுத்துவதும் கேட்டது. வளைவு வந்தது. குளம் சாலை மட்டத்துக்கு நிரம்பி, விளக்கு வெளிச்சத்தில் தார்ச்சாலையின் தொடர்ச்சிபோலக் கிடந்தது. பாசி வாடையோடு, காயாத துணியை மூட்டையாகக் கட்டிவைத்து அவிழ்த்தாற்போன்ற வாடை ஒன்று பின்பக்கத்திலிருந்து எழுந்து அவன் கழுத்தருகே நின்றது.

முள் ஏறியது.

"ஒழிஞ்சு போ," என்றான். மீட்டரை விரலால் தட்டினான்.

பின்னால் பதிலுக்குத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். தகரத்தில் தகரம். சாப்பாட்டு டப்பா மூடி ஆடும் சத்தம். ஏதோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று நினைத்தான். பின்னால் நட்டு எதுவும் மிச்சமில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நிறுத்தினான். குடையில்லாமல் இறங்கிப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தான். டார்ச் அடித்தான். வெறும் தகரத் தரை. துளைகள். கூரையில் மழை.

குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் நெல்மூட்டை ஏற்றியதுபோல் தட்டையாக அமுங்கியிருந்தன.

கதவை மூடினான். மெதுவாக மூடினான். ஏன் அத்தனை மெதுவாக என்று தெரியவில்லை. விரல் எதுவும் நசுங்கிவிடக் கூடாதே என்பதுபோல.

நாகர்கோவிலைத் தாண்டும்வரை கண்ணாடியைப் பார்க்கவில்லை. பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை நாள் உழைப்பு. நாளைக்குச் சிவதாணு. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றால் தோற்பது. எடைமேடையில் பார்த்துவிடலாம். எண்ணை ஏமாற்ற முடியாது.

இன்வெர்ட்டரில் எடைமேடையின் சிவப்பு எண்கள் மட்டும் எரிந்தன. வண்டியை ஏற்றிவிட்டு இறங்கி, குளோரியின் ஜன்னலருகே நின்றான்.

தொள்ளாயிரத்து அறுபது.

"உள்ள ஆளு உண்டா சாரே?"

"ஆருமில்ல."

"மழைன்னா இறங்கமாட்டேன்னு இருப்பாவ." அவள் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. லாரிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், மைக்கை அழுத்திச் சொன்னாள். "வண்டியில இருக்கவங்க எல்லாரும் இறங்குங்க."

தொள்ளாயிரத்து நாற்பது.

குளோரி மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

தொள்ளாயிரத்து இருபது. ஒரு நிறுத்தம். தொள்ளாயிரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில், ஒருவர் குதித்து அடுத்தவர் விளிம்புக்கு வரும் இடைவெளி. வேனின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கதவு மூடியே இருந்தது. மேடைக்கு அப்பால் தேங்கிய நீரில் மழைத்துளிகள் ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. பிறகு இன்னோர் இடத்தில்.

எழுநூற்று இருபது.

"சாரே," குளோரி எழுந்து நின்றாள். "வண்டிய எடுத்துட்டுப் போவும்."

"குளோரி, மெஷின்..."

"போவும்."

அவன் ஓடிப்போய் ஏறினான். சாவியைத் திருப்பும்போது எண்களைப் பார்த்தான். அவனுடைய எடை ஏறியிருந்தது. பிறகு இருபது. பிறகு இருபது. பின்னால் பட்டைகள் முனகின. குளோரி ஷட்டரை இழுத்து இறக்கினாள்.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இரணியல் சாலை இருண்டு கிடந்தது. டப்பா மூடி ஆடியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சின்னதாக. திரும்பவில்லை. சாலையைப் பார். முள்ளைப் பார். சாலையைப் பார்.

சொன்னால் இறங்குகிறது.

அந்த எண்ணம் வந்ததும் பயத்துக்குள் ஒரு வழி திறந்ததுபோல் இருந்தது. மெக்கானிக்குக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. எதைச் செய்தால் சரியாகும் என்று தெரிந்தால் போதும். நிறுத்திச் சொல்லிவிடலாம். இங்கேயே. ஆனால் இந்த இருட்டில், இருபுறமும் மரம் நிற்க, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தான். கால் பிரேக்குக்குப் போகவில்லை.

ராஜமணி கடை வந்தது. அடைத்திருந்தது. வண்டி நிற்கவில்லை. சீட்டுகளைக் கழற்றிய பலன். முதல் முறையாகத் தாண்டிப் போனது. வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, முற்றத்தில், கடைசி மூச்சில் நின்றது.

ஜன்னலில் எமர்ஜென்சி விளக்கு. ஸ்மிதாவின் நிழல். மனுஷர் இருக்கும் இடம். அவனுக்குத் தைரியம் வந்தது. இப்போதே சொல்ல வேண்டும். நாளை இரண்டு பேர் ஏறினால் இந்தக் கனத்தோடு பாதிகூட வராது.

இறங்கிப் பக்கக் கதவை முழுவதும் திறந்தான். உள்ளே பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"எல்லாரும் இறங்குங்க. வீடு வந்தாச்சு."

பட்டை முனகியது. வேன் ஒரு விரலளவு உயர்ந்தது. மறுபடியும். மறுபடியும். நனைந்த துணி வாடை அவனைக் கடந்து போனது. ஏதோ ஒன்று அவன் பேண்ட்டில் உரசியது. முழங்கால் உயரத்தில். பிறகு இடுப்பு உயரத்தில் ஒன்று. கடைசியாக ஒன்று தயங்கி நின்றது. பிறகு அதுவும் போனது.

பிரைட்டன் பம்பரை அழுத்தினான். வண்டி துள்ளியது. உள்ளே ஏறி, மிச்சமிருந்த சார்ஜில் முற்றத்தில் ஒரு முழம் நகர்த்திப் பார்த்தான். முள் அசையாததுபோல் அடியிலேயே கிடந்தது. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சத்தமில்லாமல் சிரித்தான். ஓடும். சனிக்கிழமை ஓடும். தம்மாம் இல்லை. ஷிஜினுக்கு அவனே விளித்துச் சொல்வான்.

சார்ஜரைச் செருகி வைத்தான், கரண்டு வரும்போது ஏறட்டும். செருப்பைக் கழற்றினான். வாசற்படி ஈரமாக இருந்தது.

"வண்டி வந்துட்டா?" அடுக்களையிலிருந்து ஸ்மிதா கேட்டாள்.

"வந்துட்டு. நிக்காம வந்துட்டு."

"கதவச் சாத்திட்டு வாருங்க. குளிரு அடிக்கி."

அவன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள் எல்லாம் வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தன. இருட்டறையில் கட்டில் கிறீச்சிட்டது. மறுபடியும் கிறீச்சிட்டது.

ஹாலில் நீள சோபாவின் கோடியில் ஜெமி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைச் சேர்த்து. பையை மடியில் அணைத்து. ஒரு தோளைக் காதுவரை தூக்கி. பாதி உடம்பு சோபாவுக்கு வெளியே.

"மக்கா," என்றான். "நேரா இரி."

"எப்படிப்பா?"

விளக்கை எடுத்து உயர்த்தினான். அவளுக்கு அப்பால் சோபாவின் ரெக்சின் மெத்தையில் பள்ளங்கள். நெருக்கமாக. வரிசையாக. மறுகோடி வரை.

"இறங்குங்க," என்றான். "எல்லாரும்... இறங்குங்க."

எந்தப் பள்ளமும் நிமிரவில்லை.

ஜெமி பக்கத்தில் திரும்பினாள். ட்ரிப்பு வண்டியில் அடுத்த பிள்ளையிடம் பேசுவதுபோல, கோபமில்லாமல் சொன்னாள்.

"இது எங்க வீடாக்கும். நீங்க எங்க இறங்கணும்?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டிவிட்டு இன்னும் சற்று ஓரத்துக்கு நகர்ந்தாள். அவள் விட்ட இடத்தில் ரெக்சின் மெதுவாக அமுங்கியது.