கண்ணாடியின் உள்பக்கம்

மரக்காணத்தில், உப்பளங்களுக்குப் பிரியும் மண்பாதையின் முனையில் ஆரோக்கியராஜின் கார் ஷெட் இருக்கிறது. மதிய வெயிலில் அதன் தகரக் கூரை சூடேறி, யாரோ மேலே நடப்பதுபோல் டொக் டொக்கென்று சத்தம் போடும். அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் சக்கரபாணியின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

கார்களைக் கழுவித் துடைக்கும் வினோதினி, அந்தக் காரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

சக்கரபாணி உப்பளத்துக் குத்தகைக்காரர். அவளுடைய அம்மா கொளஞ்சியம்மாள் அவரிடம்தான் கூலிக்கு உப்பு வாரினாள். போன கோடையில் ஒரு விடியற்காலை வேலைக்குப் போனவள், அவருடைய கடைசிப் பாத்தியில் செத்துக் கிடந்தாள். நெஞ்சுவலி, நொடியில் உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்று அவர்தான் வந்து சொன்னார். வினோதினிக்கு அழுகை நின்றது அந்தச் சொல்லால்தான். அம்மா கஷ்டப்படவில்லை. அது போதும் என்று இருந்தாள்.

"ஏம்பா ஆரோக்கியம், இந்தக் கண்ணாடிய கொஞ்சம் பாரு. உள்பக்கம் அழுக்கு படிஞ்சிக்கிட்டே இருக்குது. பாண்டியில காட்டியும் போகல. எதிர்ல பஸ் வந்தா பேய் வர்ற மாதிரி தெரியுது."

"ஊதித் தள்றீங்களா முதலாளி?"

"சிகரெட்ட உட்டு வருஷக்கணக்கு ஆவுது."

ஆரோக்கியராஜ் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினான். முன்கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். விரலால் இழுத்தால் பிசுபிசுவென்று கோடு விழுந்தது. காலடி விரிப்பைத் தூக்கித் தடவினான். ஈரமில்லை. மோந்து பார்த்தான்.

"ரேடியேட்டர் கூலன்ட் கசிஞ்சா இனிப்பா ஒரு வாசனை வரும். அது இல்ல. டேஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷ் வெயில்ல ஆவியாகிப் படியும். ஆனா அது முழுக்கப் படியணும். இது பாருங்க, உங்க பக்கம் சுத்தமா இருக்குது. பக்கத்து சீட்டுக்கு எதிர்ல மட்டும் இருக்குது."

விரலை நாக்கில் வைத்தான்.

"அய்ய, ண்ணா! நாளைக்கு உனக்கு எதனா ஆச்சுன்னா வீட்டுல அக்கா என்னைத்தான் கேக்கும்" என்றாள் வினோதினி.

"உப்பு" என்றான் அவன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "உப்புக்காத்து வெளிய படியும். உள்ள எப்படி? ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏசி போடாம, கண்ணாடிய ஏத்திட்டு, பக்கத்துல யாரையாவது ரொம்ப நேரம் உக்கார வெச்சிருந்தீங்களா? மூச்சுக்காத்து படிஞ்சாதான் இப்படி இருக்கும்."

"பக்கத்து சீட்டுல யாரும் உக்கார்றதில்ல. எங்க வீட்டு அம்மாகூட பின்னாடிதான்."

அவர் குரல் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

பக்கத்து இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியை ஆரோக்கியராஜ் திறந்தான். உள்ளே ஒரு துணி மூட்டை.

"அதுவா, உப்பு. ஐப்பசி மழையில கண்ணாடி பனி கட்டுச்சின்னு வெச்சேன். ஈரத்த இழுக்கும் இல்ல?"

"அப்போலேர்ந்துதான் இது படியுதா?"

சக்கரபாணி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தார்.

ஆரோக்கியராஜ் மூட்டையை வினோதினியின் கையில் கொடுத்தான். "இத தூக்கிப் போட்டுட்டு கண்ணாடிய தொடச்சிடு. நான் டீ சொல்லிட்டு வர்றேன்" என்று சாலையைக் கடந்து போனான்.

அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். உப்பு ஒன்றோடொன்று ஒட்டாமல், அடுப்பில் வறுத்ததுபோல் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு கல்லும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அடிக்கடி வாரும் பாத்தியில் உப்பு இவ்வளவு பெரிதாக வளராது. மாதக்கணக்கில் யாரும் தொடாமல் விட்ட பாத்தியில்தான் வளரும். ஆள் செத்த பாத்தியில் உப்பளத்துப் பெண்கள் இறங்க மாட்டார்கள். தண்ணீர் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, ஓடை வழியாகக் கடலுக்கே அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் பாத்தியையும் கரைத்துவிட்டதாகச் சக்கரபாணி சொல்லியிருந்தார்.

அவர் கரைக்கவில்லை. அள்ளியிருக்கிறார்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சாலைப் புழுதி வராமல் கதவைச் சாத்தினாள். செய்தித்தாளைக் கசக்கி நனைத்துத் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனது. தூரத்தில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன.

பிறகு கண்ணாடியின் கீழ் ஓரத்தில் லேசாகப் பனி படர்ந்தது.

அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பனி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

காருக்குள் காயாத சேற்றின் வாசம் வந்தது. வெயிலுக்காக அம்மா சேலைமேல் போட்டுக்கொள்ளும் பழைய ஆண்சட்டையின் வியர்வை வாசமும் வந்தது. காதுக்கு மிக அருகில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது.

பனியின் நடுவில் ஒரு கை அடையாளம் தெளிந்தது.

ஆள்காட்டி விரலின் நுனி அதில் இல்லை.

அம்மாவின் விரல் அது. உப்பளத்து மோட்டார் பெல்ட்டில் சிக்கி நுனி போன விரல்.

வினோதினி மூட்டையோடு கதவைத் திறந்து இறங்கினாள். சக்கரபாணி நிழலில் நின்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, எங்கம்மா இந்த கார்ல உக்காந்துச்சா?"

"உப்பு வார்ற பொம்பளைய கார்ல வெச்சி ஊர்வலம் போவாங்களா? வெயில்ல புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"கண்ணாடியில கை இருக்குது. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கைக்குட்டை கீழே விழுந்தது. காரிடம் சொல்வதுபோல் முணுமுணுத்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்போ தெரியல. லேசாத்தான் இடிச்சுது. ரத்தம்கூட வரல. ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். பாண்டிக்கு முன்னாடி, பெரிய முதலியார்சாவடி வரைக்கும் போனேன். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. யாரு இடிச்சதுன்னு அங்க கேப்பாங்க இல்ல? அதான் திருப்பிட்டேன். பாத்திகிட்ட நிறுத்தி, கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்திருந்தேன். மூச்சு நிக்கும் நிக்கும்னு பாத்தேன். கீழ படுக்க வெக்கறப்போகூட..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"கூட?"

அவர் நிமிர்ந்தார். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"எரிச்சாச்சு. சாம்பலும் கரைச்சாச்சு. இனிமே எவன் வந்து பாக்கப் போறான்? நீ சொன்னா யாரு நம்புவா? தொடச்சிக் குடு, நான் கிளம்பணும்."

வினோதினி அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரிங்க முதலாளி."

காருக்குள் போனாள். கையில் இருந்த மூட்டையை ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். முடிச்சை முழுதாக அவிழ்த்துவிட்டாள். கண்ணாடியை மெதுவாக, ஓரம்வரைக்கும் துடைத்தாள். அம்மாவின் முகத்தைத் துடைப்பதுபோல் இருந்தது. இந்த முறை அந்தப் பக்கம் பனி படியவில்லை.

டீயோடு வந்த ஆரோக்கியராஜ், "மூட்டைய எடுத்துட்டியா?" என்றான்.

"எடுத்துட்டேன்ணா."

சக்கரபாணி வண்டியைக் கிளப்பினார். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னாள்.

"இப்போ சுத்தமா இருக்குது முதலாளி. கண்ணாடிய மட்டும் இறக்காதீங்க. மறுபடி படிஞ்சிடும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கார் பெரிய சாலைக்குப் போகவில்லை. உப்பளத்து மண்பாதையில் திரும்பியது. அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பது வினோதினிக்கு நன்றாகவே தெரிந்தது.

வெயில் தாழ்வதற்குள் உப்பளத்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசிப் பாத்தியின் நடுவில் கார் நின்றது. கண்ணாடிகள் உள்ளிருந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. ஓட்டுபவர் பக்கத்துக் கதவுக் கண்ணாடியை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். உடம்பில் ஒரு காயமும் இல்லை. நெஞ்சுவலியாக இருக்கும் என்று அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். வாயைத் திறந்து பார்த்த ஆள் மட்டும், விரலில் ஒட்டிய உப்புக்கல்லை உதறிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ் பார்த்து முடித்த பிறகு, அந்தக் காரை ஷெட்டுக்கே இழுத்து வந்து விட்டார்கள். அவர் வீட்டிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை. ஒரு மதியம் ஆரோக்கியராஜ் சாப்பிடப் போனதும், வினோதினி ஈரத்துணியோடு காரின் முன்னால் போய் நின்றாள்.

பக்கத்து இருக்கைக்கு எதிரே கண்ணாடி தெளிவாக இருந்தது.

ஓட்டுபவர் பக்கம் பனி படிந்திருந்தது. உடைந்த கதவுக் கண்ணாடி வழியாகக் கடற்காற்று தாராளமாக வீசியும் அது கலையவில்லை. முகம் இருக்க வேண்டிய உயரத்தில் வட்டமாக ஏறியது. இறங்கியது. வெளியே ஆள் நிற்பது தெரிந்ததும் வேக வேகமாக ஏறி இறங்கியது. அந்த வட்டத்துக்குக் கீழே, உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் சின்னச் சின்னக் கோடுகள் விழத் தொடங்கின.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டாள். தார்ப்பாயை இழுத்துக் காரின்மேல் மூடினாள். நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டினாள்.

உள்ளே சுரண்டல் நிற்கவில்லை.