ஊட்டும் நேரம்

சுவரில் அடித்த கொசுவிலிருந்து வந்த ரத்தம் யாருடையது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னும் உறையாமல் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அவள் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. அரைக்கால் சட்டையோடு சோபாவில் கிடந்த கணவனையும் எதுவும் தொடவில்லை. போதாக்குறைக்கு இது கொசுக் காலமே அல்ல. வெயிலும் குளிரும் வரம்பு மீறாத ஊர்தான். ஆனாலும் குளிர் விட்டு, முதல் மழை பெய்து, வெயில் ஏறிய பிறகுதான் இங்கே கொசு தலைகாட்டும். காலையில் ஜன்னல் கண்ணாடியிலெல்லாம் இன்னும் பனி படிந்துகொண்டிருந்தது.

"நம்ம வீட்டுக் கொசுவுக்குக்கூட என்னைப் பிடிக்கல பாரு," என்று சிரித்தான் அவன். பேக்கரியில் மாவு பிசைகிறவன். அந்த இனிப்பு வாசனைக்கே வரிசை கட்டி வந்திருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருப்பது மூன்றே உயிர்கள். மூன்றாவது, தொட்டிலில் கொசுவலைக்குள் கிடந்தது.

கொசுவைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரசவ விடுப்பு வரைக்கும் அவள் பிழைப்பே கொசு வளர்ப்பதுதான். கொசுவிரட்டிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அது. அந்தி சாய்ந்ததும் கொசுக் கூண்டின் வாயில் தைத்த துணிக்குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, உள்ளங்கையை மேலே காட்டி, அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அரை வயிற்றோடு பறந்துவிடும், முட்டை குறையும். வயிறு ஊதி, தோல் மெலிந்து, உள்ளே ரத்தம் தெரியத் தெரியக் குடித்துவிட்டு அவையாக உதிரும். வலது கை முடிந்தால் இடது கை.

அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் மேலதிகாரி அம்மா கண்டிப்பாகத் தடுத்து, ஆட்டு ரத்தம் நிரப்பிய பையைக் கூண்டில் தொங்கவிடச் சொன்னார். கொசுக்கள் அதைச் சீந்தவே இல்லை. தலைமுறை தலைமுறையாக அவள் கையைக் குடித்தே வளர்ந்த கூட்டம். வளர்த்த பாசமோ, தன்னால்தான் முடியும் என்ற திமிரோ, கடைசி மாதம் வரை யாருக்கும் தெரியாமல் கையைக் கொடுத்தாள். பழகிப்போன தோல் தடிப்பதைக்கூட நிறுத்தியிருந்தது. வயிற்றுப் பிள்ளையும் அந்த நேரத்தில் மட்டும் உதைக்காமல் இருக்கும். எவ்வளவு சமத்து என்று பூரித்துப்போவாள்.

இப்போதும் சமத்துதான். அந்தி வந்தால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அழுது வீட்டை இரண்டாக்கும். இவள் மகள் வாயே திறப்பதில்லை. ஆனால் வெளிறிக்கொண்டே போனாள். உதடு, உள்ளங்கால், இமைக்குள் எல்லாம் சுண்ணாம்பு நிறம். இப்படியே போனால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒரு கடித் தடம் இல்லை. இவ்வளவு பிஞ்சுத் தோலில் கொசுவிரட்டிக் கிரீம் எதுவும் தடவக் கூடாது, வலைதான் பாதுகாப்பு என்றார். அந்த வலையின் ஓரம்தான் தினமும் சாயங்காலம் மெத்தைக்கு அடியிலிருந்து வெளியே வந்து கிடந்தது.

"வலையைத் திறந்தா திரும்பச் சொருகி வைக்க மாட்டீங்களா?"

"நான் அதைத் தொடவே இல்லம்மா."

அன்று அவன் வேலைக்குப் போனதும் அவள் வீட்டைத் தலைகீழாக்கினாள். பூச்சட்டித் தட்டுகள், பிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, எல்லாம் காய்ந்து கிடந்தன. குளியலறைச் சாக்கடை மூடியைத் திறந்தாள். அழுகிய சோப்பின் நாற்றம். உதிர்ந்த தன் தலைமுடி கொத்தாக, சளிபோல் வழவழத்து. அதற்குள் கொசுப் புழுக்கள். தண்ணீரே தெரியாத அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. கொதிநீரை ஊற்றினாள். வெந்து வெளுத்து மேலே மிதந்தவற்றைக் கரண்டியால் அள்ளினாள். முடிந்தது என்று நினைத்தாள். வலையை நன்றாக உள்ளே சொருகிவிட்டுக் கை கழுவப் போனாள். எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை.

வெளிச்சம் மங்கியது. குழாயை மூடினாள்.

அந்தச் சத்தம். ஒன்றிரண்டின் ரீங்காரம் அல்ல. கூண்டு முழுக்க எழும் சத்தம்.

பிள்ளை அழவில்லை.

அறைக் கதவைத் தள்ளினாள். கூரை கறுப்பாக இருந்தது. வலை ஓரம் மீண்டும் வெளியே. அந்த இடைவெளியில் மகளின் வலது கை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை மேலே. துளி அசைவில்லை. சட்டைக் கை இவ்வளவு நீளமா என்று ஒரு கணம் நினைத்தாள். சட்டைக் கை மினுங்கியது. ஊதியது.

ஓடிப்போய்த் தன் இரண்டு கைகளையும் பக்கத்தில் நீட்டினாள். "என்கிட்ட வாங்க. இங்க வாங்க," என்று கெஞ்சினாள். ஒன்றுகூட வரவில்லை. அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. குடிக்கும்போது கலைக்கக் கூடாது என்று பழகிய கை அது.

வயிறு நிறைந்தவை பொத் பொத்தென்று அவள் பாதத்தின் மேல் உதிர்ந்தன. மாதுளை முத்துபோல் சிவப்பாக, வெதுவெதுப்பாக.

மகள் அவளையே பார்த்துக்கொண்டு வெறுமையான கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கூரையில் மிச்சமிருந்தவை இரைந்தன. சின்ன விரல்கள் வலை ஓரத்தைத் தூக்கின.

இடது கை வெளியே வந்தது.