ஆறாவது சான்றிதழ்

முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது.

"அய்யோ... மணி! விட்டுருலே!"

இரண்டாவது வெட்டுக்குப் பிறகு சுந்தரிடமிருந்து சத்தமே இல்லை. தாமிரபரணிப் படித்துறையில் ரத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது.

அப்போது பிற்பகல் மூன்று மணி.

அதே நேரம், பாளையங்கோட்டை வீட்டில் முத்துராணி லேப்டாப்பில் கடைசிக் கேள்விக்கு விடை எழுதினாள். இலவச ஆன்லைன் ப்ரோகிராமிங் கோர்ஸ். பாடமும் இலவசம், சான்றிதழும் இலவசம். சுவரில் ஏற்கெனவே ஐந்து தொங்கின. ஐந்திலும் கணவன் மணிராஜின் பெயர். படித்தது அவள்.

தேர்ச்சி!

'சான்றிதழில் வரவேண்டிய பெயர்?' திரை கேட்டது.

விரல்கள் நின்றன. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவளிடம் யாரும் பெயர் கேட்டதில்லை.

டைப் செய்தாள்.

முக்கால் மணி நேரத்தில்... கதவில் உதை!

மணிராஜ். சட்டையெல்லாம் ரத்தம். கையில் அரிவாள்!

"என்னட்டி பாக்க? கம்ப்யூட்டர் சென்டர் சுந்தரை முடிச்சிட்டேன். துபாய் கம்பெனிக்காரன்ட்ட சொல்லிட்டாம்லா... சர்ட்டிபிகேட் எல்லாம் பொண்டாட்டி எழுதுனதுன்னு! வந்த வேலை போச்சு!"

கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது. அரிவாள் அவள் தொண்டைக்கு வந்தது... பிசுபிசுப்பாக!

"பரீட்சை எத்தனை மணிக்கு?"

"ரெண்டுல இருந்து... மூணு."

"நாந்தான் எழுதுனேன். வீட்டை விட்டு நவுரல. மாத்திச் சொன்னே, சங்கை அறுத்துருவேன்! சர்ட்டிபிகேட் வந்துட்டா?"

"வந்துட்டு."

இன்னொரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

ஆறு மணி. மணிராஜ் அரிவாளை ஒளித்துவிட்டு, குளித்து வேறு சட்டை போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் குமரகுருபரன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு நுழைந்தார்.

"நெத்தியில என்னம்மா காயம்?"

"வழுக்கி விழுந்துட்டா சார்," முந்திக்கொண்டான் மணிராஜ்.

"உம்மகிட்ட கேக்கல வே. சுந்தர் போன்ல கடைசி நம்பர் உம்மதுதான். மூணு மணிக்கு எங்க இருந்தீரு?"

"இங்கனதான். பரீட்சை எழுதிட்டு இருந்தேன். நேரங்கூட போட்டிருக்கும் சார்!" சிரித்தான். "ஏட்டி, சாருக்குக் காட்டு!"

முத்துராணி லேப்டாப்பைத் திருப்பினாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

"மூணு மணி ரெண்டு நிமிஷம்... சரிதான். ஆனா முத்துராணின்னுல்லா பேரு போட்டிருக்கு?"

"சவத்து மூதி!"

மணிராஜ் அவள் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான்... பாதியிலேயே லத்தி முழங்காலில் இறங்கியது. மடங்கி விழுந்தான்!

"அருவா தண்ணித் தொட்டிக்குள்ள கிடக்கு சார்," என்றாள் முத்துராணி பைய.

விலங்கை மாட்டியபடி இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஏம்மா, காட்டச் சொல்லுதவன் பேரைக்கூடவா பாக்கல?"

நெற்றியில் காய்ந்திருந்த ரத்தத்தை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"ஆறு கோர்ஸையும் நாந்தான் படிச்சேன் சார். சர்ட்டிபிகேட்டையாவது இவிய படிச்சிருக்கலாம்லா!"