தொண்ணூறு நாள் அவகாசம்

மெய்யாய்வு வாரியத்தின் பாளையங்கோட்டைத் தேர்வறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள்: உரிமம் கேட்டு வந்த செண்பகவல்லி, அவள் தகப்பனார் உலகநாதன், குடும்பச் சாட்சியாகப் பெரியப்பா கோமதிநாயகம், மேற்பார்வையாளர் ரெபேக்கா ஞானதிலகம். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

சொல்வது மெய்யா பொய்யா என்று விளக்கெரித்துக் காட்டும் மெய்மானியின் சான்று இல்லாமல் கல்யாணமோ பத்திரப்பதிவோ நடக்காத காலம். அந்தக் கருவியை இயக்கும் உரிமம் எளிதில் கிடைக்காது. இரண்டு வருடப் படிப்பு, நூற்றைம்பது விசாரணைகள், கடைசியாக இரத்த உறவு ஒருவரை உட்காரவைத்து வாரியம் எழுதித்தரும் கேள்வியைக் கேட்க வேண்டும். சொந்தக்காரரிடம் இளகுகிறவர் யாரிடமும் இளகுவார் என்பது வாரியத்தின் வாதம்.

உலகநாதன் மெய்மானி நாற்காலியில் உட்கார்ந்ததும் செண்பகவல்லி கேள்வி இருந்த உறையைப் பிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதியம் அணையின் தானியங்கி மடை திறந்து, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ஏழு பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. எச்சரிக்கைச் சங்கை ஊதாத குற்றத்துக்காகக் காவலாளி இசக்கிமுத்து இன்னும் சிறையில் இருக்கிறான். தனக்கு உத்தரவே வரவில்லை என்று அவன் போட்ட மறுவிசாரணை மனு நிலுவையில் கிடக்கிறது. மடைக்குப் பொறுப்பு உலகநாதன். அவர் வாக்குமூலம்தான் வழக்கை முடித்தது.

"சங்கு ஊதச் சொல்லி இசக்கிமுத்துவுக்கு நீங்க உத்தரவு கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

வெள்ளை விளக்கு எரிந்தது. உண்மை.

செண்பகவல்லி முடிவுத் தாளில் பேனாவை வைக்காமல் விளக்கைப் பார்த்தாள். அந்த மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறியது பதினாலு வயதான அவள்தான். அவர் எழுந்து போகவில்லை. யாரையும் அழைக்கவும் இல்லை.

மெய்மானி நடந்ததை அளப்பதில்லை. சொல்பவர் நம்புவதை அளக்கிறது. பயிற்சியின் முதல் பாடம் அது. வெளியே சொல்லக்கூடாது என்பது இரண்டாம் பாடம்.

"கையெழுத்துப் போடும்மா," என்றார் ரெபேக்கா. "பொறவு நீ நாற்காலியில உக்காரணும். இந்த முடிவை நம்புதியான்னு ஒரே கேள்விதான்."

அவள் கையெழுத்திட்டாள். உட்கார்ந்தாள். "நம்புதேன்," என்றாள்.

சிவப்பு.

கோமதிநாயகம் துண்டை உதறி எழுந்தார். "மிஷின்ல கோளாறு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, ஐயா. தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அப்பவும் சிவப்புன்னா உங்க தம்பி வாக்குமூலத்தைத் திரும்ப விசாரணைக்கு எடுத்துருவாங்க."

வீட்டில் உலகநாதன் கோபப்படவில்லை. அவருக்கு வியப்பாகத்தான் இருந்தது. "ஏட்டி, போன்ல சொன்னேம்லா. நீ மோர் ஊத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு நின்ன."

"நீங்க போனையே தொடலியப்பா."

"தொட்டேன்."

"இவன் பேரு கெட்டா நம்ம வீட்டுல எவன் சொல்லுக்கு மதிப்பு?" என்றார் பெரியப்பா. "நாளைக்கு நீ குடுக்கிற சான்றை எவன் வாங்குவான்? உக்காரு. மொதல்லேருந்து சொல்லு."

தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் அவள் அந்த மதியத்தைச் சொன்னாள். முதல் வாரம் போன் வரும் இடத்தில் நாக்கு நின்றது. நான்காம் வாரம் போனுக்கு நிறம் வந்தது: கறுப்பு, ஓரத்தில் கீறல். ஏழாம் வாரம், "இசக்கி, சங்கை ஊதுடே," என்று அப்பா சொன்னதைச் சொன்னவள், "அவன் 'சரிய்யா'ன்னான். பின்னால நாய் ஒண்ணு குலைச்சுது," என்று சேர்த்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உலகநாதன் தலையாட்டினார். அவருக்கும் நாய் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறாம் நாள் விளக்கு வெள்ளையாக எரிந்தது. ரெபேக்கா நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு உரிமத்தில் முத்திரை வைத்தார். அந்த மாதமே இசக்கிமுத்துவின் மனு தள்ளுபடியானது.

மாத்திரை போட்டுக்கொண்டு மெய்மானியை ஏமாற்றினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. செண்பகவல்லி மாத்திரை எதுவும் போடவில்லை. இரண்டாம் முறை அந்த நாற்காலியில் அவள் பொய் சொல்லவும் இல்லை.