படுக்க வைக்காத பொம்மை

ஜரிகை வளையல் பொம்மையின் கையில் ஏறவில்லை. காலையில் அளவு பார்த்துத்தான் கலாவதி முறுக்கினாள். அப்போது வழுக்கிக்கொண்டு போனது. இப்போது மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது. மழை ஈரத்தில் காகிதக்கூழ் ஊறியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அது ஒரு காலத்தில் கொலுவின் கைலாய செட்டில் இருந்த பூதகணம். மூத்த மகள் அலமு காய்ச்சலில் போய், வருஷத் துக்கம் கழிந்து, போன வருஷம் மறுபடி கொலு வைத்தபோது கலாவதி அதைக் கையில் எடுத்தாள். தொந்தியைச் சுரண்டினாள். கோரைப்பல்லை உடைத்தாள். கையிலிருந்த கதாயுதத்தைப் பிடுங்கிவிட்டு, தீப்பெட்டி அட்டையில் குட்டி சிலேட்டு செய்து செருகினாள். தறியில் மிஞ்சிய பட்டில் பாவாடை, ஜரிகையில் ஜிமிக்கி, அலமுவின் சீப்பில் சிக்கியிருந்த முடியில் ஜடை. பெற்ற மனசு, பாவம், வேறென்ன செய்யும்?

விஜயதசமியன்று ஆரத்தி எடுத்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தூங்கச் சொல்வது வழக்கம். அப்போதுதான் கொலு முடியும். போன விஜயதசமியில் அவள் புருஷன் ராஜவேலு அந்தப் பொம்மையைத் தொடப்போனான்.

"வாணாம்," என்று கத்தினாள். "படுத்தவ எழுந்தாளா? இவளாவது உட்கார்ந்துக்கினே இருக்கட்டும்."

எந்தப் பொம்மையையும் படுக்க வைக்காமலே பெட்டியில் அடுக்கினாள்.

இந்த வருஷம் பெட்டியைத் திறந்ததும் அலமுவின் கடைசி நாட்களில் வீடு முழுக்க அடித்த நொச்சிக் கஷாய வாடை வந்தது. அதன்பின் தினமும் எதுவோ ஒன்று பொம்மைக்கு இறுகியது. ஒட்டியாணம், கொலுசு, இன்று வளையல்.

அறை மூலையில் டங்கென்று ஒரு சத்தம். பாயில் கிடந்த இளையவள் சம்பூர்ணத்தின் வெள்ளிக் காப்பு கழன்று உருண்டது. ஆடியில் சோப்பு போட்டு ஏற்றிய காப்பு.

"இன்னாமா இது, நல்லாத்தானே துன்னுது? இளைச்சுக்கினே போவுதே," என்றான் ராஜவேலு. பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினான்.

கலாவதி உருண்ட காப்பைக் கையில் எடுத்தாள். ஐயோ, நான்தான். நான்தான் தூங்க விடவில்லை.

இன்றும் விஜயதசமி. விளக்கு வைக்கும் நேரம். கற்பூரத்தை ஏற்றி ஆரத்தி எடுத்தாள். பொம்மையைத் தூக்கினாள். கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. படியில் படுக்க வைத்து, பட்டுத் துண்டால் முகம்வரை போர்த்தினாள்.

"தூங்குடி கண்ணு. உன் தங்கச்சியை வுட்டுடு."

கஷாய வாடை நின்றது. அப்பாடா என்று திரும்பினாள். சம்பூர்ணத்தை வாரி எடுத்து மடியில் போட்டாள்.

கனமே இல்லை.

கன்னத்தைத் தட்டினாள். அட்டையைத் தட்டியது போலச் சத்தம். கண் திறந்திருந்தது. மூடவில்லை.

பின்னால் பட்டு சரசரத்தது.

துண்டு ஏறி இறங்கியது. மூச்சு. அதன் அடியிலிருந்து கொழுகொழுவென்று ஒரு கை வெளியே வந்தது, மணிக்கட்டில் ஜரிகை வளையல் இறுகிச் சதையில் பதிந்திருந்தது.

"அம்மா, வளையல் வலிக்குதும்மா. கழட்டு."

அலமுவின் குரல்.

மடியில் காகிதமாய்க் கிடந்த குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கலாவதி அழுதபடியே மறு கையை நீட்டினாள்.