கல் பசுவும் செவலையும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சேரியில் எதுவும் காயாது. கொடியில் போட்ட துணி காயாது, அடுப்படியில் அடுக்கிய விறகு காயாது. இந்த வருஷம் வச்சலாவின் கண்ணும் காயவில்லை.

அவள் வீட்டுப் பசு செவலையின் கன்று ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனது. கொட்டகைக் கூரை ஒழுகியதில் இரவெல்லாம் நனைந்து விறைத்துப்போய்விட்டது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதன் நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருந்ததால் வச்சலா அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

கன்று போனதும் செவலை பால் விடுவதை நிறுத்திவிட்டது. புல் போட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது. ராத்திரியில் கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வச்சலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வாள்.

இப்படிக் கன்றை இழந்த மாட்டுக்கு ஊரில் ஒரு வழி உண்டு. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும்போது பக்கத்தில் நிறுத்துவார்கள். மாடும் தன் கன்றுதான் என்று நினைத்துப் பால் விடும். வச்சலாவின் அப்பா இருசப்பனும் அப்படி ஒன்று செய்தார். ஆனால் அம்மா சாந்தா மகா சுத்தக்காரி. வீச்சம் அடிக்கிறதே என்று, தைப்பதற்கு முன் அந்தத் தோலைச் சீயக்காயும் மஞ்சளும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து அலசிவிட்டாள்.

அப்பா வைக்கோல் கன்றை மடிப்பக்கம் நிறுத்திவிட்டுக் கறக்க உட்கார்ந்தார். செவலை திரும்பி ஒரு தரம் முகர்ந்தது. அவ்வளவுதான், ஒரே உதை. வைக்கோல் கன்று ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

"மஞ்சா பூசிக் குளிச்ச கன்னுக்குட்டிய அது எங்க பாத்துக்கீது?" என்று அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அம்மாவை முறைத்தார்.

வேறு சமயமாக இருந்தால் வச்சலா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"தரகர் ராஜாராம்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு சாயந்திரம் வந்து ஓட்டிகினு போவாரு" என்றார் அப்பா.

"எங்க, நைனா?"

அப்பா உருண்டு கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பால் தராத மாட்டை ஏற்றும் லாரி எங்கே போகும் என்று ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"கன்னும் இல்ல, பாலும் இல்ல. அதுக்குத் தீனி போட நான் எங்க போவேன்? ஆசைப்பட்டா விக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்திலிருக்கும் மகாபலிபுரத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் மழை கொட்டத் தொடங்கியது. வச்சலாவும் அவள் தோழி சம்பூர்ணமும் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிருஷ்ண மண்டபத்துக்குள் ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே ஆடுகள் வந்து ஒண்டியிருந்தன. சம்பூர்ணம் மீனவர் குப்பத்துப் பெண். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

மண்டபத்தின் உள்பக்கம் முழுவதும் ஒரே பாறை. பல்லவர் காலத்தில் அந்தப் பாறையில் ஒரு ஊரையே செதுக்கிவைத்திருக்கிறார்கள். நடுவில் கிருஷ்ணன் ஒரு கையால் மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அதற்கடியில் ஆயர்களும் ஆய்ச்சியரும் மாடுகளும் மழைக்குப் பயந்து கூடி நிற்கிறார்கள்.

"பாருடி, மாடு ஒண்ணுகூட நனையல" என்றாள் சம்பூர்ணம்.

வச்சலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வூட்டுக் கொட்டாய மட்டும் யாரும் தூக்கிப் புடிக்கல" என்றாள். அழுகையைச் சம்பூர்ணம் பார்க்கக் கூடாது என்று பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிரே ஒரு கல் பசு நின்றது. ஒரு ஆள் உட்கார்ந்து அதைக் கறந்துகொண்டிருந்தான். தினமும் பார்க்கிற சிற்பம்தான். இன்றைக்குத்தான் வச்சலா அதைச் சரியாகப் பார்த்தாள். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மலை நிற்கிறது, அந்தப் பசுவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கறக்கிற ஆளையும் அது கவனிக்கவில்லை. தலையைத் தாழ்த்தித் தன் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி, கல்லு மாட்டையே மொறைச்சிகினு கீற?"

"நாக்கப் பாருடி."

"ஆமா, நக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

"எங்க நைனா கன்ன மடிகிட்ட நிறுத்துனாரு. இங்க அது மூஞ்சிகிட்ட கீது. நக்கிகினே பால் வுடுது. செவலைக்கும் நக்கத்தான் ஒண்ணு வேணும்!"

இதைச் செதுக்கியவர் வீட்டில் நிச்சயம் ஒரு மாடு இருந்திருக்கும் என்று வச்சலாவுக்குத் தோன்றியது. மழை விடும்வரை அவள் காத்திருக்கவில்லை. "ஏய், நனைஞ்சிப் போயிடுவடி!" என்று சம்பூர்ணம் கத்தியதைக் கேட்காமல் வெளியே பாய்ந்து ஓடினாள்.

வீட்டு வாசலில் தரகர் குடையோடு நின்றிருந்தார். அப்பா செவலையின் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்.

"நைனா, இரு! ஒரே ஒரு வாட்டி!"

கொட்டகை மூலையில் பொட்டு படுத்திருந்த கோணிப்பை சுருண்டு கிடந்தது. அம்மாவின் கண்ணில் படாமல் அது ஒன்றுதான் தப்பியிருந்தது. வச்சலா அதை எடுத்து முகர்ந்தாள். பாலும் மூத்திரமும் கலந்த பொட்டுவின் வாசனை அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கோணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு செவலையின் முகத்துக்கு நேராக மண்டியிட்டாள்.

"குத்திப்புடும், எழுந்து வா!" என்று அம்மா அலறினாள்.

வச்சலா அசையவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சூடான மூச்சு கழுத்தில் பட்டது. செவலை கோணியை முகர்ந்தது, மறுபடி முகர்ந்தது. கொம்பு எந்த நிமிஷமும் வரும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

வந்தது நாக்கு. சொரசொரவென்று கோணியின் மேல் ஒரு இழுப்பு. பிறகு காதின் மேல், கன்னத்தின் மேல். செவலையின் தொண்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. கன்று இருந்தபோது மட்டும் கேட்ட சத்தம் அது.

"நைனா, சொம்பு!" என்றாள் வச்சலா கோணிக்குள்ளிருந்து.

அப்பா உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சர்ர்... சர்ர்... என்று சொம்பில் பால் விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தரகர் சொம்பை எட்டிப் பார்த்தார். "இருசப்பா, உன் கன்னுக்குட்டி இஸ்கூலுக்கெல்லாம் போவுது போல" என்று சொல்லிவிட்டுக் குடையோடு திரும்பிப் போனார்.

அன்று ராத்திரி செவலை கத்தவில்லை. ஆனால் பொட்டு படுத்திருந்த மூலையை அடிக்கடி திரும்பிப் பார்த்தது. வச்சலாவும் பார்த்தாள்.

காலையில் மறுபடி கோணி, மறுபடி நாக்கு. பள்ளிக்கூடத்தில் அவள் தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்து கிடந்ததைப் பார்த்துச் சம்பூர்ணம் வயிறு வலிக்கச் சிரித்தாள். வச்சலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயந்திரம் தூறிக்கொண்டிருந்தது. வச்சலா மண்டபத்துக்குள் போய், அந்தக் கல் கன்றின் குளிர்ந்த முதுகில் கை வைத்தாள்.

"உனக்குப் பரவால்ல" என்றாள் அதனிடம். "உங்க அம்மா நாக்கு சொரசொரன்னு இருக்காது."